ஆன்லைன் சூதாட்டமும் விளையாட்டுப் பந்தயமும்: சட்டம், வியாபாரம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பந்தயம் கட்டக் கற்றுத்தரும் பக்கம் அல்ல இது. கட்டாதே என்று பிரசங்கம் செய்வதற்கும் எழுதவில்லை. "இது சட்டப்படி சரிதானே?" என்று கேட்பவர்களில் பலர் உண்மையில் தெரிந்துகொள்ள நினைப்பது "என் பணம் பத்திரமா?" என்பதைத்தான். இரண்டும் வேறு வேறு கேள்விகள் என்பதால் சில பதில்கள் நீளமாகப் போகின்றன. சட்டங்கள் அடிக்கடி மாறுவதால் முடிந்த இடத்திலெல்லாம் ஆண்டைக் குறித்திருக்கிறேன்.

ஆன்லைன் சூதாட்டம் சட்டப்படி சரியா, தவறா?

என்ன ஆட்டம், யார் நடத்துகிறார்கள், ஆடுபவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்ற மூன்றும் தெரியாமல் பதில் சொல்லவே முடியாது. ஆஸ்திரேலியாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2001ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்நாட்டில் இருப்பவர்களுக்கு ஆன்லைன் கேசினோ நடத்தக் கூடாது. உரிமம் பெற்ற நிறுவனம் விளையாட்டுப் பந்தயம் நடத்தலாம். அதிலும் ஒரு வினோதம் உண்டு. ஆட்டம் தொடங்கும்வரை ஆப்பில் பந்தயம் வாங்கலாம். தொடங்கிய பிறகு ஆப்பில் வாங்கக் கூடாது, அதே நிறுவனத்துக்குப் போன் போட்டுச் சொன்னால் வாங்கலாம். ஒரே ஆள், ஒரே கைபேசி, ஒரே மேட்ச்.

மற்ற இடங்களில் பிரிட்டன், ஸ்வீடன் (2019 முதல்), நெதர்லாந்து (2021 அக்டோபர் முதல்), பிரேசில் (2025 ஜனவரி முதல்) போன்ற நாடுகள் தனியாருக்கு உரிமம் கொடுத்து வரி வாங்குகின்றன. நார்வே, சிங்கப்பூர் போன்றவை அரசின் பிடியில் உள்ள அமைப்புகளை மட்டும் நடத்த விடுகின்றன. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். சீனப் பெருநிலத்தில் அரசு லாட்டரி தவிர மற்றதெல்லாம் குற்றம்.

சர்வரும் கம்பெனியும் வெளிநாட்டில்தானே இருக்கின்றன? எங்கள் நாட்டுச் சட்டம் அவர்களை என்ன செய்யும்?

1990களில் இந்த வாதம் நன்றாகவே ஓடியது. கரீபியத் தீவு நாடான ஆன்டிகுவா 1994இலேயே இதற்கெனச் சட்டம் போட்டு உரிமம் விற்க ஆரம்பித்தது. அங்கிருந்து அமெரிக்கர்களிடம் பந்தயம் வாங்கினார்கள். அமெரிக்கா தடுத்ததும், 2003இல் ஆன்டிகுவா உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டது. ஜெயிக்கவும் செய்தது. 2007இல் நடுவர்கள் ஆண்டுக்கு 2.1 கோடி டாலர் அளவுக்குப் பதில் நடவடிக்கை எடுக்கலாம் என்றார்கள். அதற்காக அமெரிக்கா தன் கதவைத் திறந்துவிடவில்லை.

இன்று உலகப்போக்கு தெளிவாக மறுபக்கம் சாய்ந்திருக்கிறது. பிரிட்டன் 2014இல் சட்டத்தைத் திருத்தி, கம்பெனி எங்கே இருந்தாலும் சரி, பிரிட்டனில் உள்ளவரிடம் பந்தயம் வாங்கினால் பிரிட்டன் உரிமம் வேண்டும் என்றது. ஆடுபவர் இருக்கும் இடம்தான் கணக்கு. "நாங்கள் வெளிநாட்டில் உரிமம் பெற்றவர்கள்" என்ற வரியை உங்கள் நாட்டில் அனுமதி இருப்பதாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

தளத்தின் அடியில் உரிம எண், முத்திரை எல்லாம் இருக்கிறது. நம்பலாமா?

முத்திரை ஒரு படம். யார் வேண்டுமானாலும் ஒட்டலாம். முத்திரையைச் சொடுக்கிப் பார்ப்பதும் போதாது, அது போலிப் பக்கத்துக்கே இட்டுச்செல்லலாம். உரிமம் கொடுத்த ஆணையத்தின் தளத்தை நீங்களே தேடிப் போய், அங்குள்ள பதிவேட்டில் கம்பெனிப் பெயரையும், முக்கியமாக நீங்கள் ஆடும் தளத்தின் முகவரியையும் பாருங்கள். கம்பெனிக்கு உரிமம் இருந்தும் அந்த முகவரி பட்டியலில் இல்லையென்றால், அந்த உரிமம் உங்களுக்கு உதவாது.

அடுத்தது, எந்த ஊர் உரிமம் என்பது. கரீபியத் தீவான குரசாவோவில் நீண்ட காலம் ஒரு சில தலைமை உரிமங்களே இருந்தன. அவற்றை வைத்திருந்தவர்கள் கீழே எண்ணற்ற தளங்களுக்குத் துணை உரிமம் கொடுத்தார்கள். புகார் போட்டால் கேட்க ஆளில்லை என்று பெயரெடுத்த முறை அது. 2024 டிசம்பரில் புதுச் சட்டம் வந்து அதை மாற்றியது. மால்டா ஐரோப்பிய ஒன்றியத்து நாடு, ஆணையமும் ஒழுங்காகச் செயல்படுவது. ஆனால் ஆஸ்திரியா, ஜெர்மனி ஆட்டக்காரர்கள் "எங்கள் நாட்டில் உரிமம் இல்லாமல் நடத்தினீர்கள், தோற்ற பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்" என்று தங்கள் ஊர் நீதிமன்றங்களில் ஜெயிக்கத் தொடங்கியதும், மால்டா 2023இல் ஒரு திருத்தம் கொண்டுவந்தது. தன் உரிமத்தின்படி நடக்கும் நிறுவனங்கள்மீது அத்தகைய வெளிநாட்டுத் தீர்ப்புகளை மால்டா நீதிமன்றங்கள் நிறைவேற்றாது என்பது அதன் சாரம். யாருடைய நலன் முதலில் வருகிறது என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி வேண்டியதில்லை.

திறமை ஆட்டம் என்றால் சூதாட்டம் ஆகாதாமே?

பல நாடுகளில் சட்டம் அப்படித்தான் பிரிக்கிறது. நிறுவனங்களும் அந்தக் கோட்டின்மேல்தான் கடை விரித்தன. அமெரிக்காவில் 2006ஆம் ஆண்டுச் சட்டம் சூதாட்டப் பணப் பரிமாற்றத்தைத் தடுத்தபோது ஃபேன்டசி விளையாட்டுக்கு (நிஜ வீரர்களை வைத்துக் கற்பனை அணி அமைத்து ஆடுவது) விலக்கு அளித்தது. அந்த விலக்குக்குள் ஒரு தொழிலே வளர்ந்தது.

இந்தியாவில் இந்தப் பிரிவினைக்கு நீண்ட வரலாறு உண்டு. ரம்மி திறமை ஆட்டம் என்று 1968இலும், குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது என்று 1996இலும் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆன்லைன் ரம்மி, ஃபேன்டசி கிரிக்கெட் எல்லாம் இதைக் காட்டித்தான் நடந்தன. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் அந்தக் கோட்டையே அழித்துவிட்டது. திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டிப் பணம் எதிர்பார்க்கும் ஆன்லைன் ஆட்டம் என்றால் தடை. அந்த மாதமே இந்திய கிரிக்கெட் அணியின் சட்டையிலிருந்து ஃபேன்டசி கிரிக்கெட் நிறுவனமான ட்ரீம்11 விலகியது.

என் கருத்து: ஆட்டத்தில் திறமை இருக்கிறதா என்று கேட்பது சட்ட வாதத்துக்கு உதவும், ஆடுபவருக்கு உதவாது. போக்கரில் திறமை உண்டு, சந்தேகமே இல்லை. மேசையில் உங்களைவிடத் திறமைசாலி நால்வர் இருந்தால், அந்தத் திறமைதான் உங்கள் பணத்தை எடுத்துக்கொண்டு போகிறது.

மாட்டினால் ஆடியவருக்கும் தண்டனை உண்டா?

பெரும்பாலான சட்டங்கள் நடத்துபவரைத்தான் குறிவைக்கின்றன. இந்தியாவின் 2025 சட்டத்தில் நடத்தினால் 3 ஆண்டுவரை சிறை, 1 கோடி ரூபாய்வரை அபராதம். விளம்பரம் செய்தால் 2 ஆண்டுவரை, 50 லட்சம்வரை. ஆடியவருக்குத் தண்டனை வைக்கவில்லை. ஆனால் எல்லா இடத்திலும் இதையே எதிர்பார்க்காதீர்கள். சிங்கப்பூரின் 2022 சட்டப்படி, சட்டவிரோதமாகப் பந்தயம் கட்டியவருக்கே 10,000 சிங்கப்பூர் டாலர்வரை அபராதமோ 6 மாதம்வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம்.

இருக்கும் நாட்டை மறைத்துக் காட்டும் விபிஎன் போட்டு ஆடினால்?

தோற்றால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். ஜெயித்துப் பணம் எடுக்கப் போகும்போதுதான் அடையாள அட்டை, முகவரிச் சான்று, வங்கிக் கணக்கு விவரம் எல்லாம் கேட்பார்கள். அவர்கள் அனுமதிக்காத நாட்டில் நீங்கள் இருப்பது அப்போது 'கண்டுபிடிக்கப்படும்'. விதிமுறையில் அதற்கான வாசகம் முதலிலிருந்தே இருக்கும்.

அமெரிக்காவில் விளையாட்டுப் பந்தயம் ஏன் திடீரென்று இவ்வளவு பெரிதானது?

ஒரே ஒரு தீர்ப்பு. விளையாட்டுப் பந்தயத்தை மாநிலங்கள் அனுமதிக்கக் கூடாது என்று 1992இல் கூட்டாட்சிச் சட்டம் ஒன்று வந்தது. நெவாடா போல ஏற்கெனவே நடத்திய சிலவற்றுக்கு மட்டும் விலக்கு. நியூ ஜெர்சி பல ஆண்டுகள் அதை எதிர்த்துப் போராடியது. 2018 மே 14 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. கவனியுங்கள், பந்தயம் நல்லது என்று நீதிமன்றம் சொல்லவில்லை. "இதைச் செய்யாதே" என்று மாநிலச் சட்டமன்றத்துக்கு மத்திய அரசு கட்டளையிட முடியாது என்பது மட்டும்தான் தீர்ப்பு. அதன் பிறகு 35க்கும் மேற்பட்ட மாநிலங்கள் ஏதோ ஒரு வடிவில் அனுமதித்தன. நியூயார்க் கைபேசிப் பந்தய வருமானத்தில் 51 சதவீதம் வரியாக எடுத்துக்கொள்கிறது.

இதில் எனக்குப் பிடித்த துணுக்கு ஒன்று உண்டு. நியூ ஜெர்சிக்கு எதிராக வழக்காடியவர்கள் விளையாட்டு லீகுகள்தான். பந்தயம் வந்தால் ஆட்டத்தின் தூய்மை கெடும் என்றார்கள். தீர்ப்பு வந்த அதே ஆண்டு ஜூலையில் என்பிஏ கூடைப்பந்து லீக் எம்ஜிஎம் நிறுவனத்தோடு பந்தயக் கூட்டு ஒப்பந்தம் போட்டுவிட்டது.

நிறுவனம் எப்படிச் சம்பாதிக்கிறது? ஆட்டத்தில் மோசடி செய்கிறார்களா?

உரிமம் உள்ள நிறுவனத்துக்கு மோசடி தேவையே இல்லை. கணக்கு அவர்கள் பக்கம். இதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்த்துவிடலாம்.

சம பலமுள்ள இரண்டு அணிகள். நியாயமான விலை இரண்டு பக்கமும் 2.00, அதாவது 100 கட்டி ஜெயித்தால் 200 கையில் வர வேண்டும். நிறுவனம் தருவது 1.91. இரண்டு பேர் எதிரெதிர்ப் பக்கம் 100, 100 கட்டுகிறார்கள். வந்தது 200, ஜெயித்தவருக்குப் போனது 191. மீதி 9, யார் ஜெயித்தாலும் நிறுவனத்துக்கு. வசூலில் 4.5 சதவீதம். இந்த விலையில் ஆடுபவர் நஷ்டமில்லாமல் இருக்கவே நூறில் 52.4 முறை ஜெயிக்க வேண்டும். பாதிக்குப் பாதி ஜெயிப்பவர் மெதுவாகத் தோற்றுக்கொண்டிருக்கிறார், ஆனால் அவருக்கு அது தெரிவதில்லை.

இப்போது ஆப்பில் பெரிதாகக் காட்டப்படும் கூட்டுப் பந்தயத்துக்கு வாருங்கள். ஐந்து ஆட்டம், ஐந்தும் சரியாக வந்தால்தான் பணம். நியாயமான விலை 32 மடங்கு. 1.91ஐ ஐந்து முறை பெருக்கினால் 25.4. நூறு கட்டினால் சராசரியாகத் திரும்பி வருவது 79. தனிப் பந்தயத்தில் 4.5 சதவீதமாக இருந்த நிறுவனத்தின் பங்கு 20 சதவீதத்துக்கு மேல் போய்விட்டது. ஆப் உங்களுக்கு எதைத் தள்ளிவிடுகிறது, எதற்கு 'பூஸ்ட்' (கூடுதல் விலை) கொடுக்கிறது என்று பாருங்கள், காரணம் புரியும்.

கேசினோ ஆட்டத்தில் இன்னும் நேரடி. ஐரோப்பிய ரூலெட்டில் 37 எண்கள், பரிசு 36 எண்கள் இருப்பதுபோலக் கணக்கிடப்படும். நிறுவனத்தின் பங்கு 2.7 சதவீதம். அமெரிக்கச் சக்கரத்தில் ஒரு பூஜ்யம் கூடுதல், பங்கு 5.26 சதவீதமாகிறது. பொத்தானை அழுத்திச் சுழற்றும் ஸ்லாட் ஆட்டத்தில் '96 சதவீதம் திரும்பக் கிடைக்கும்' என்று எழுதியிருப்பார்கள். அது நீங்கள் கொண்டுவந்த பணத்தில் அல்ல, சுழற்றும் ஒவ்வொரு தொகையிலும். 100 வைத்துக்கொண்டு 1 வீதம் ஆறு வினாடிக்கு ஒருமுறை சுழற்றினால் ஒரு மணி நேரத்தில் 600 சுற்றுகள். 600 கட்டியிருக்கிறீர்கள், சராசரி இழப்பு 24. அதனால்தான் ஒழுங்குமுறை ஆணையங்கள் வேகத்தைப் பிடித்துக்கொள்கின்றன. பிரிட்டன் 2021இல் ஆன்லைன் ஸ்லாட்டில் தானாகவே சுழன்றுகொண்டிருக்கும் ஆட்டோபிளேயை நிறுத்தி, ஒரு சுற்றுக்குக் குறைந்தது 2.5 வினாடி என்றது. 2025இல் ஒரு சுற்றுக்கு உச்சவரம்பு 5 பவுண்டு, 25 வயதுக்குக் கீழானவர்களுக்கு 2 பவுண்டு என்றும் வந்தது. ஜெர்மனியில் 1 யூரோ, 5 வினாடி.

அப்படியானால் நிறுவனம் தோற்கவே தோற்காதா?

ஒரு நாள், ஒரு போட்டி என்றால் தோற்கும். 2015-16 பருவத்தில் லெஸ்டர் சிட்டி பிரீமியர் லீக் கோப்பையை வெல்லும் என்பதற்கு 5000க்கு 1 (அதாவது 1 கட்டினால் 5000 லாபம்) கொடுத்திருந்தார்கள், வென்றுவிட்டது. அந்தச் செய்தி உலகம் முழுக்கப் பேசப்பட்டது, நிறுவனங்களுக்கு அதைவிட நல்ல விளம்பரம் கிடைத்திருக்காது. நீண்ட காலக் கணக்கில் நிறுவனத்தின் உண்மையான செலவு ஜெயித்தவர்களுக்குக் கொடுப்பது அல்ல. விளம்பரம், வரி, பணப் பரிமாற்றக் கட்டணம், ஆட்டத் தரவு வாங்கும் செலவு, ஆள் பிடித்துத் தருபவர்களின் கமிஷன். சின்னத் தளங்கள் மூடுவது இவற்றால்தான். ஸ்லாட், லைவ் கேசினோ போன்றவற்றைப் பெரும்பாலான தளங்கள் தாங்களாகச் செய்வதும் இல்லை. எவல்யூஷன், பிளேடெக் போன்ற நிறுவனங்களிடம் வாடகைக்கு எடுக்கின்றன. பெயரும் நிறமும் வேறாக இருக்கும் பத்துத் தளங்களில் ஒரே மேசை, ஒரே டீலர் தெரிவது அதனால்தான்.

தொடர்ந்து ஜெயிப்பவர்களின் கணக்கை முடக்குகிறார்களாமே?

உண்மை. முழுதாக மூடுவது குறைவு, கட்டும் தொகையைச் சுருக்கிவிடுவது அதிகம். நேற்றுவரை ஆயிரம் ஏற்றுக்கொண்ட கணக்கு இன்று ஏழு மட்டும் ஏற்றுக்கொள்ளும். சுவாரஸ்யம் என்னவென்றால், நீங்கள் ஜெயித்தீர்களா என்று மட்டும் அவர்கள் பார்ப்பதில்லை. நீங்கள் 2.20க்குக் கட்டிய பந்தயம் ஆட்டம் தொடங்கும்போது 2.00க்கு இறங்கியிருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அது திரும்பத் திரும்ப நடந்தால் உங்களுக்கு விலை தெரிகிறது என்று பொருள். இதுவரை தோற்றிருந்தாலும் கணக்கு சுருங்கும். பல நாடுகளில் இது சட்டப்படி தவறில்லை. 2000இல் தொடங்கிய பெட்ஃபேர் போன்ற எக்ஸ்சேஞ்சுகளில் இந்தத் தொல்லை குறைவு. அங்கே நீங்கள் கட்டுவது இன்னொரு ஆட்டக்காரருக்கு எதிராக, தளம் எடுப்பது கமிஷன்.

தோற்பவர்களுக்கு மட்டும் கதவு அகலத் திறந்திருக்கிறது, விஐபி மேலாளரும் கிடைக்கிறார்.

100க்கு 100 போனஸ் என்கிறார்களே, இலவசம்தானே?

கீழே சிறிய எழுத்தில் '35 மடங்கு' என்று இருக்கும். 100 போனஸை எடுக்க வேண்டுமென்றால் 3,500க்குப் பந்தயம் கட்டி முடிக்க வேண்டும். 96 சதவீத ஸ்லாட்டில் 3,500 சுழற்றினால் சராசரி இழப்பு 140. ஆக, நூறு வாங்க நூற்று நாற்பது. அதற்கு மேல் கால வரம்பு, ஒரு சுற்றுக்கு இவ்வளவுக்கு மேல் கட்டக் கூடாது என்ற விதி, ரூலெட் போன்றவற்றைக் கணக்கில் சேர்க்க மாட்டோம் என்ற விதி. இவற்றில் ஒன்றை மீறினால் போனஸோடு அதன்மூலம் ஜெயித்ததும் போகும்.

'சிறந்த பத்துத் தளங்கள்' பட்டியல்களும் டெலிகிராம் டிப்ஸ்காரர்களும்?

பெரும்பாலும் அஃபிலியேட்டுகள். உங்களைச் சேர்த்துவிட்டதற்கு ஒருமுறை தொகை வாங்குவார்கள், அல்லது நீங்கள் தோற்கும் பணத்தில் தொடர்ந்து ஒரு பங்கு வாங்குவார்கள். இரண்டாவது வகை டிப்ஸ்காரர் உங்களுக்கு 'ஷ்யூர் பெட்' சொல்கிறார் என்றால், நீங்கள் தோற்றால்தான் அவருக்கு வருமானம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

"ஐந்து ஆட்டம் தொடர்ந்து சரியாகச் சொன்னாரே?" என்பீர்கள். 800 பேரில் பாதிப் பேருக்கு ஓர் அணி, மீதிப் பேருக்கு மற்றொரு அணி ஜெயிக்கும் என்று அனுப்புங்கள். சரியாக வந்த 400 பேருக்கு மறுபடி அதே போல. ஐந்தாவது சுற்றின் முடிவில் 25 பேர் உங்களைத் தீர்க்கதரிசி என்று நினைப்பார்கள். ஆறாவது டிப்ஸுக்கு அவர்களிடம் கட்டணம் கேட்கலாம்.

ஆட்டம் நடக்கும்போதே கட்டும் லைவ் பந்தயத்தில் என்ன சிக்கல்?

நீங்கள் திரையில் பார்ப்பது பழைய செய்தி. மைதானத்தில் நடந்தது ஸ்ட்ரீமில் வரப் பல வினாடிகள் ஆகும். நிறுவனத்துக்கோ ஸ்போர்ட்ரேடார், ஜீனியஸ் ஸ்போர்ட்ஸ் போன்ற தரவு நிறுவனங்கள் மைதானத்திலிருந்தே உடனுக்குடன் தகவல் அனுப்புகின்றன. நீங்கள் பார்க்காத விக்கெட்டை அவர்கள் விலையில் சேர்த்துவிட்டிருப்பார்கள்.

மேட்ச் ஃபிக்ஸிங்குக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

பந்தயம் சின்னச் சின்னதாகப் பிரியப் பிரிய, கெடுப்பதும் சுலபமாகிறது. மொத்த ஆட்டத்தையும் விற்கப் பலர் வேண்டும். ஒரு நோ-பாலுக்கு ஒரு பந்துவீச்சாளர் போதும். 2010இல் லார்ட்ஸ் டெஸ்டில் பாகிஸ்தானின் முகமது ஆசிஃபும் முகமது ஆமிரும் சொல்லிவைத்து நோ-பால் வீசினார்கள். கேப்டன் சல்மான் பட்டும் சேர்ந்து மூவரும் 2011இல் இங்கிலாந்தில் சிறைக்குப் போனார்கள்.

இப்போது அதைப் பிடிப்பதும் பந்தய நிறுவனத்தின் கணினிதான். 2024 மார்ச்சில் என்பிஏ அணியான டொராண்டோ ராப்டர்ஸின் வீரர் ஜோன்டே போர்ட்டர் ஓர் ஆட்டத்தில் மூன்று நிமிடம் ஆடிவிட்டு, உடம்பு சரியில்லை என்று வெளியேறினார். அவர் குறைவான புள்ளிகளே எடுப்பார் என்ற ரீதியில் அவருக்குத் தெரிந்தவர் ஒருவர் 80,000 டாலர் கூட்டுப் பந்தயம் கட்டியிருந்தார். ஜெயித்தால் 11 லட்சம் டாலர். அதிகம் ஆடாத ஒரு வீரர்மீது இவ்வளவு பணமா என்று நிறுவனத்துக்குச் சந்தேகம் வந்து பந்தயத்தை நிறுத்திவைத்தது. அடுத்த மாதம் என்பிஏ அவருக்கு ஆயுள்காலத் தடை விதித்தது. உரிமம் இல்லாத புக்கியிடம் கட்டியிருந்தால் இது வெளியே வந்திருக்குமா என்பது சந்தேகம்தான். ஒழுங்குபடுத்தலை ஆதரிப்பவர்கள் சொல்லும் வாதங்களில் எனக்குச் சரியென்று படுவது இது ஒன்று.

விளம்பரத்தைத் தடை செய்ய முடியாதா?

இத்தாலி 2018இல் சட்டம் போட்டுத் தடை செய்தது. இங்கிலாந்தின் பிரீமியர் லீக் கிளப்புகள், 2025-26 பருவம் முடிந்ததும் சட்டையின் முன்பக்கத்திலிருந்து சூதாட்ட நிறுவனங்களின் பெயரை எடுத்துவிடுவதாகத் தாங்களே முடிவெடுத்தன. கைப்பகுதிக்கும் மைதானப் பலகைகளுக்கும் அந்த முடிவு பொருந்தாது.

பிட்காயின் போன்ற கிரிப்டோ நாணயத்தில் கட்டினால் வசதிதானே?

யாருக்கு வசதி என்பதுதான் கேள்வி. அனுப்பிய பணத்தை வங்கி மூலம் திரும்பப் பெற வழியில்லை. கட்டிய தொகைக்கு மேல் நாணயத்தின் விலை ஏற்ற இறக்கமும் உங்கள் தலையில்.

ஜெயித்த பணத்துக்கு வரி?

பிரிட்டனில் ஆடுபவருக்கு வரி கிடையாது, நிறுவனம் கட்டும். அமெரிக்காவில் ஜெயித்தது வருமானம். முன்பு தோற்ற தொகையை ஜெயித்த அளவுவரை கழிக்கலாம் என்று இருந்தது. 2025இல் நிறைவேறிய சட்டம் 2026 முதல் தோற்றதில் 90 சதவீதத்தைத்தான் கழிக்க விடுகிறது. ஆண்டு முழுக்க ஒரு லட்சம் ஜெயித்து ஒரு லட்சம் தோற்றவர், கையில் ஒன்றுமில்லாமல் பத்தாயிரத்துக்கு வரி கட்டலாம். இந்தியா 2023 அக்டோபர் முதல் டெபாசிட் செய்யும் முழுத் தொகைக்கும் 28 சதவீத ஜிஎஸ்டி விதித்தது. வரி வாங்குகிறார்கள் என்பதால் ஆட்டம் சட்டப்படியானது என்று பொருளில்லை.

பணம் ஜெயித்தேன், தர மறுக்கிறார்கள். என்ன செய்யலாம்?

முதலில் ஆதாரம். பந்தய எண், நேரம், விலை, இருப்புத் தொகை, சாட் உரையாடல் எல்லாவற்றையும் படம் எடுத்துவையுங்கள். கணக்கை முடக்கிவிட்டால் அப்புறம் எதையும் பார்க்க முடியாது. நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்து இறுதிப் பதில் கேளுங்கள். பிரிட்டன் போன்ற இடங்களில் அதன் பிறகு சுதந்திரமான தீர்வு அமைப்புக்குப் போகலாம். அங்கே 2005ஆம் ஆண்டுச் சட்டம், சூதாட்ட ஒப்பந்தம் என்பதற்காகவே அது செல்லாது என்ற பழைய நிலையை நீக்கிவிட்டது. நீதிமன்றத்தில் கேட்க உரிமை உண்டு.

இந்தியாவில் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 30ஆவது பிரிவுப்படி பந்தய ஒப்பந்தம் செல்லாது. அதை வைத்து வழக்குப் போட முடியாது. இதே போன்ற சட்டம் உள்ள நாட்டில், உரிமமில்லாத தளத்தில் கட்டிய பணத்துக்கு உங்களிடம் இருப்பது நம்பிக்கை மட்டும்தான். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு போவதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்: பணம் வராவிட்டால் எந்த அலுவலகத்தின் கதவைத் தட்டுவேன்? டெபாசிட் செய்வதற்கு முன்பு கேட்க வேண்டியது.

நிறுத்த வேண்டும் என்று நினைக்கிறேன், முடியவில்லை.

இது மனஉறுதிக் குறைவு என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். உலக சுகாதார அமைப்பின் நோய்ப் பட்டியலில் சூதாட்டக் கோளாறு தனியாக இருக்கிறது, சிகிச்சையும் உண்டு. விட்டதைப் பிடிக்க மேலும் கட்டுவதும், வீட்டில் தொகையை மறைப்பதும் மருத்துவர்கள் முதலில் கேட்கும் அறிகுறிகள்.

நடைமுறையில் உதவுவது, ஆசை வரும் நேரத்துக்கும் பணம் போகும் நேரத்துக்கும் நடுவே தடை வைப்பது. பிரிட்டனில் கேம்ஸ்டாப், ஸ்வீடனில் ஸ்பெல்பவுஸ், நெதர்லாந்தில் க்ரூக்ஸ், ஆஸ்திரேலியாவில் 2023 முதல் பெட்ஸ்டாப்: ஒருமுறை பதிவு செய்தால் அந்நாட்டில் உரிமம் பெற்ற ஆன்லைன் தளங்கள் அத்தனையும் உங்களை உள்ளே விடக் கூடாது. சில வங்கிகளின் ஆப்பிலேயே சூதாட்டப் பரிமாற்றத்தை அடைக்கும் பொத்தான் இருக்கிறது. பிரிட்டன் 2020இலும் ஆஸ்திரேலியா 2024இலும் கிரெடிட் கார்டில் கட்டுவதையே தடுத்துவிட்டன. உங்கள் நாட்டில் இவை இல்லையென்றால், கணக்கு நிர்வாகத்தைச் சில மாதம் நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். சங்கடமாகத்தான் இருக்கும், ஆனால் வேலை செய்யும்.

ஒரு எச்சரிக்கை. 'கேம்ஸ்டாப்பில் இல்லாத தளங்கள்' என்றே விளம்பரம் செய்யும் இடங்கள் உண்டு. விட முயல்பவர்களைத் தேடிப் பிடிப்பதற்கென்றே வைத்த வலை அது.

இழந்த பணத்தை மீட்டுத் தருவதாக ஒருவர் தொடர்புகொண்டார். நம்பலாமா?

வேண்டாம். ஏமாந்தவர்களின் பெயர்ப் பட்டியல் கைமாறுகிறது; அதை வைத்துத்தான் அழைக்கிறார்கள். வழக்கறிஞர், சைபர் அதிகாரி, ஹேக்கர் என்று வேடம் மாறும், 'முதலில் ஒரு சின்னப் பதிவுக் கட்டணம்' மட்டும் மாறாது. பணம் அட்டை மூலம் போயிருந்தால் உங்கள் வங்கியிடம் நேரடியாகப் பேசுங்கள், மோசடி என்றால் காவல்துறையின் சைபர் பிரிவில் புகார் கொடுங்கள். இரண்டுக்கும் முன்பணம் கேட்க மாட்டார்கள்.